இறையாண்மையும் தமிழ்ச் சொல்லும்: பேரா மாநிலத் தமிழ்க் கிறித்தவரை முன்வைத்து ஒரு நோக்கு

கடவுள் அனைத்தையும் ஆளுகின்றார் என்பது கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. இக்கோட்பாட்டை இறையாண்மை என்பர். இதனைத் தமிழர் எச்சொற்களால் உணர்ந்தனர் என்பதையும், தோட்டப்புற வாழ்வில் அச்சொற்கள் பெறும் பொருளையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய்வோம்.

1578-இல் கொல்லத்தில் அச்சான தமிழ் நூலின் பெயரே 'தம்பிரான் வணக்கம்' என்பதாகும். தலைவன் என்னும் பொருளுடைய சொல்லே அங்குக் கடவுளைக் குறித்தது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார்; பப்ரிசியுசு 'பராபரன்' என்றார்; இரேனியுசு 'தேவன்' என்றார். 1871-இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதல் 'தேவன்', 'கர்த்தர்' என்பவற்றை நிலைபெறச் செய்தது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்போ 'கடவுள்', 'ஆண்டவர்' என்பவற்றை ஏற்றது. முன்னதில் 'தேவனுடைய ராஜ்யம்' என்றிருந்தது பின்னதில் 'இறையாட்சி' ஆயிற்று.

இம்மாற்றம் வெறும் மொழித்தூய்மை சார்ந்ததன்று. 'கர்த்தர்' என்பது செய்பவர் என்னும் வடமொழிப் பொருளை அடியாகக் கொண்டது. 'ஆண்டவர்' என்பதோ ஆளுதலைச் சுட்டுவது. 'இறை' என்னும் சொல் அரசனையும் கடவுளையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறளின் 39-ஆம் அதிகாரமாகிய இறைமாட்சி அரசனைப் பற்றியதே. காத்தலும் முறைசெய்தலும் இல்லாத ஆட்சியைத் தமிழ் மரபு இறைமாட்சியாகக் கருதியதில்லை.

இனிப் பேராவை நோக்குவோம். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையோ அதற்குப் பின்னரும் தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளரின் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. இவ்வழிகளில் வந்தோருள் கிறித்தவரும் இருந்தனர். ஈப்போ சிலிபின் லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் வழிபாட்டு மரபுக்குச் சான்றாக நிற்கிறது. இரப்பர்த் தோட்டத்தில் துரை, கிராணி, கங்காணி என ஆள்வோர் அடுக்கடுக்காக இருந்தனர். லயத்து வீடும் அன்றாடப் பிரட்டும் அவர்தம் சொல்லைச் சார்ந்திருந்தன. அத்தகைய சூழலில் 'ஆண்டவர் ஒருவரே' என்னும் அறிக்கை இருவேறு வகையில் பொருள்படக் கூடும். எல்லாம் அவர் சித்தம் என்று தாழ்வை ஏற்றுக்கொள்வது ஒன்று. துரையும் ஒரு நாள் கணக்குக் கொடுக்க வேண்டியவரே என்று தெளிவது மற்றொன்று.

இவற்றுள் எது கிறித்தவக் கோட்பாட்டுக்கு இயைந்தது? கால்வின் இறையாண்மையை முன்குறித்தலோடு இணைத்து வலியுறுத்தினார். ஆயினும் அதனைக் குருட்டு விதியினின்று அவரே வேறுபடுத்தினார். வெசுலியோ 1739-இல் ஆற்றிய 'இலவச அருள்' என்னும் அருளுரையில் முன்குறித்தல் கொள்கையை மறுத்தார். அவர் வழிவந்த மெதடிசத்தின்படி, கடவுளின் ஆட்சி மனிதரின் மறுமொழியை அழிப்பதன்று. அதனை வேண்டி நிற்பது. எனவே இறையாண்மையை ஊழோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. ஊழுக்கு முகமில்லை, அதனிடம் முறையிட இயலாது. ஆண்டவரிடமோ முறையிடலாம். திருப்பாடல்களுள் பல அத்தகைய முறையீடுகளே.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். துரை என்னும் ஆட்சியும் மறைந்தது. எனினும் ஆள்வது யார், ஆள்பவரிடம் நீதி கேட்கலாமா என்னும் வினாக்கள் மறையவில்லை. சமயச் சொற்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர், 'இறை' என்பதில் அதிகாரத்தோடு பொறுப்பும் உறைந்திருப்பதை மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும் என்பதே நம் கருத்து.