நூற்றெழுபதும் எட்டும்

புதுச்சேரியைச் சேர்ந்த சாரம் இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்புறம். பிரெஞ்சு ஆட்சியின்போது அது உழவர்கரையைச் சார்ந்த ஊர். அங்கு வாழ்ந்த சாதாரணக் குடிமகன், தன் மண் எந்நாட்டோடு சேர்வது என்ற வினாவுக்கு 1954இல் நேரே விடையளிக்கவில்லை. அவன் பொருட்டு விடையளித்தவர்கள் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்களே. அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள் புதுச்சேரி, காரைக்கால் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரிற் கூடினர். இந்திய இணைப்புக்கு 170 வாக்குகள், எதிராக 8.

'நூற்றெழுபது பேர் ஒப்பினர். ஆகவே இணைப்பே நியாயம்' என்று கூறுவோர் உளர். இணைப்பு நியாயமானதென்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆனால் அதற்கு அவர்கள் காட்டும் காரணத்தைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. பலர் கொண்ட கருத்தென்பதாலேயே ஒன்றை மெய்யெனச் சாதிப்பதை அளவை நூல் வல்லார் போலி வாதம் என்று தள்ளுவர்.

ஏன் தள்ளவேண்டும்? ஆறு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று பார்ப்போம். 1948 அக்டோபரில் இதே புதுச்சேரியில் நகராட்சித் தேர்தல் நடந்தது. பிரான்சைச் சார்ந்து நின்ற எதுவார் குபேரின் சோஷலிஸ்ட் கட்சி பெரும்பான்மை பெற்றது. 'மக்கள் பிரான்சின் பக்கம்' என்று அன்றும் எண்ணிக்கையையே காட்டினார்கள். 1954 மார்ச்சில் அதே குபேர் இணைப்பின் பக்கம் வந்தார். எண்ணிக்கையும் உடன் வந்தது! பெரும்பான்மையே நியாயத்தின் அளவுகோலாயின், 1948இல் ஒன்றும் 1954இல் அதற்கு நேர்மாறான மற்றொன்றும் நியாயமென்றாகும். இடையில் மாறியது எது? மண்ணா, மொழியா?

அந்த 1948ஆம் ஆண்டுத் தேர்தலே தூய்மையானதன்று என்று இணைப்பாளர் முறையிட்டனர். 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளரும் நேர்மையான வாக்கெடுப்புக்குரிய சூழல் இங்கில்லை என்றே கண்டனர். எண்ணுவதற்குமுன் எண்ணும் கையையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

சந்திரநாகூரின் நிலை வேறு. 1949 ஜூன் 19ஆம் நாள் அங்கே மக்களே நேரே வாக்களித்தனர். இணைப்புக்கு 7,473, எதிராக 114.

அப்படியானால் வாக்குக்குப் பயனே இல்லையோ எனின், உண்டு, பெரிதும் உண்டு. மக்களின் ஒப்புதலின்றி எந்நிலப்பகுதியையும் விட்டுக்கொடுத்தல் செல்லாது என்று 1946ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு விதித்தது. கீழூர் அந்த ஒப்புதலை அளித்தது. யார் ஆள்வது என்ற வினாவுக்கு மக்களின் விருப்பமே விடை. அதனை எண்ணித்தான் அறியமுடியும். ஆனால் இதயத்தின் நடுச்சுவரில் துளை உண்டா என்ற வினாவுக்கு எண்ணிக்கை உதவாது. காலனின் நூலைக் கற்ற மருத்துவரெல்லாம் துளை உண்டென்றே கூறிவந்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுன் நபீஸ், துளை இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்கிறது என்று எழுதினார். எண்ணினால் அவர் தோற்றிருப்பார்.

இணைப்புக்குரிய உண்மையான காரணங்கள் கீழூருக்குமுன்பே இருந்தவை. புதுவையின் சிற்றூர்கள் தென்னார்க்காட்டு ஊர்களோடு பின்னிக் கிடந்தன. வயல் ஓராட்சியிலும் வீடு மற்றோராட்சியிலுமாக இருந்தால் உழவன் என் செய்வான்? மொழி ஒன்று, உறவு ஒன்று, நடுவே சுங்கச்சாவடி. எட்டுப் பேருக்கு மாறாக நூற்றெழுபது பேர் எதிர்த்து வாக்களித்திருப்பினும் இக்காரணங்கள் அழிந்திரா. இணைப்பு மட்டும் தள்ளிப்போயிருக்கும்.

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைம்மாறியது. 1956 மே 28இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி நிறைவேறிற்று. அவ்வொப்பந்தத்தில் நாம் மெச்சுகின்ற பகுதி ஒன்றுண்டு. இங்கே பிறந்து இங்கேயே வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்களாவர். ஆயினும் விரும்புவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடரலாம் என்றது அது. சைகோனுக்குப் பிழைக்கச் சென்ற புதுவை, காரைக்கால் குடும்பங்களில் அண்ணன் ஒரு நாட்டுக் குடிமகனாகவும் தம்பி மறுநாட்டுக் குடிமகனாகவும் இருந்தது இதனாலேதான். 170 பேர் முடிவுசெய்த பிறகும், ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பதற்கு அங்கே இடம் இருந்தது.