ரோஜா செடிகளை நெருக்கமா நட்டுட்டீங்களா? மழையில் இலை கொட்டாமல் இருக்க இதைச் செய்யுங்க!

வில்லியனூர், பாகூர் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் ரோஜாவை நெருக்கி நட்டவங்களுக்கு வடகிழக்குப் பருவமழையில்தான் சிக்கல். காற்றோட்டம் இல்லாமல் இலை ஈரம் காயாது. கரும்புள்ளி நோய் தொற்றி இலைகள் மஞ்சளாகிக் கொட்டும். மருந்து அடிச்சாலும், நெருக்கம் குறையலைன்னா நோய் திரும்ப வரும்.

என்ன செய்யணும்?

* கவாத்துக் காலமான அக்டோபர்–டிசம்பரில், மழை விட்ட நாளில், ஒன்று விட்டு ஒரு செடியைப் பெயர்த்தெடுங்க.
* முதலில் கிளைகளைப் பாதியாக வெட்டுங்க. வேர் மண் உதிராமல் எடுத்து, தண்ணீர் தேங்காத இடத்தில் உடனே நடுங்க.
* தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இடைவெளி: வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1 மீட்டர்.
* மீதிச் செடிகளில் காய்ந்த, பின்னிக் கிடக்கும் கிளைகளை வெட்டிடுங்க. உதிர்ந்த இலைகளையும் அள்ளிடுங்க.

பூக்கிற செடியைத் தோண்ட மனசு வராதுதான். ஆனா பாதியை நகர்த்தினால்தான் மீதி பிழைக்கும். சந்தேகம் இருந்தா, குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.