கல்முனையும் கன்முனையும்

இலங்கையின் கீழ்க்கரையில், அம்பாறை மாவட்டத்து வயல்களின் நடுவே நாவிதன்வெளி என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து கிட்டங்கி வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால் கல்முனையை அடையலாம். இவ்விரு பெயர்களையும் கலைக்களஞ்சியமொன்றில் தலைப்பாக எழுதப் புகும் ஆசிரியர் முதற் பெயரை எளிதில் எழுதிவிடுவார். இரண்டாவதில் அவர் கை சற்றே நிற்கும். 'கல்' என்பதனோடு 'முனை' புணருங்கால் லகரம் னகரமாகத் திரிதல் இலக்கண விதி. கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவது இவ்விதி பற்றியே. அங்ஙனமாயின் கன்முனை என்றன்றோ எழுதுதல் வேண்டும்? ஆயினும் ஊரார் கல்முனை என்றே சொல்லுகின்றனர், அவ்வாறே எழுதுகின்றனர். விதியைப் பின்பற்றுவதா, பெயருக்கு உரியவரைப் பின்பற்றுவதா?

இவ்வினா ஆங்கிலத்தில் வேறோர் உருவில் எழுகின்றது. அம்மொழியில் சிறப்புப் பெயர்களின் முதலெழுத்துப் பெரிய எழுத்தாக வருதல் மரபு. செருமனியில் அடோல்ஃப் டாஸ்லர் என்பார், அடி என்னும் தம் செல்லப் பெயரையும் குடிப்பெயரின் முற்பகுதியையும் இணைத்து, 1949ஆம் ஆண்டில் அடிடாஸ் என்ற காலணி நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதன் வணிகச் சின்னத்தில் எல்லா எழுத்துக்களும் சிறியனவே. 2001ஆம் ஆண்டில் தோன்றிய ஆங்கில விக்கிப்பீடியா, சின்னத்தின் அலங்காரத்தை விடுத்து மொழி மரபையே தழுவி, அப்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கியது. ஆனால் ஐபோன், ஈபே போன்ற பெயர்களில் முதலெழுத்துச் சிறிதாகவும் இரண்டாம் எழுத்துப் பெரிதாகவும் வருவதை உலகமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அங்கே மரபு விட்டுக்கொடுத்தது. அக்களஞ்சியத்தின் பொறியமைப்போ தலைப்பின் முதலெழுத்தைப் பெரிதாகவே வைக்கும். ஆதலால் அதனைச் சிறிதாகக் காட்டத் தனிக் குறிப்பும் இட வேண்டியதாயிற்று.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. அரபு மொழியிலும் இல்லை. எனவே கல்முனைக் கரையில் வாழும் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இருவகை எழுத்து மரபிலும் இச்சிக்கல் நேர்ந்ததில்லை. அவர்களுடைய பெயர்களில் எழுந்த சிக்கல் வேறு.

தமிழ்க் களஞ்சியங்களின் வரலாற்றை நோக்கின் இது விளங்கும். யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902ஆம் ஆண்டிலும், ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இவை பெரிதும் புராண, இலக்கியப் பெயர்களைத் தொகுத்தவை. அப்பெயர்களுட் பல முன்னரே தமிழுருவம் பெற்றிருந்தன. வடசொல் தமிழில் வருங்கால் வடவெழுத்தை நீக்கி வரவேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. கம்பர் இலக்குவன் என்றும் வீடணன் என்றும் எழுதியதும் அவ்வழியே. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதில் உலகத்துப் பெயர்கள் யாவும் தமிழெழுத்தினுள் இடம் பெற வேண்டியிருந்தன.

கலைச்சொல் வேறு, பெயர் வேறு. கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியற் சொல்லுக்கு அறிஞர் கூடித் தமிழ்ச்சொல் ஆக்கலாம்; பெயருக்கோ உரியவர் ஒருவர் இருக்கின்றார்.

நபிகள் நாயகத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். உமறுப் புலவர் வழியில் முகம்மது என்று எழுதுவோர் உளர். அரபு ஒலியைப் பேணி முஹம்மது என்று எழுதுவோரும் உளர். செவிக்கு வேறுபாடு சிறிது. அகரவரிசையில் அது பெரிது. கிரந்த எழுத்துக்கள் தமிழெழுத்துக்களின் பின்னரே வைக்கப்படுதலின், முகம்மது 'முகம்' என்னும் சொல்லின் அருகே நிற்க, முஹம்மது 'முன்னுரை'க்கும் அப்பாற் சென்றுவிடும். ஒரு வடிவைத் தேடும் மாணவன் மற்றதைக் காணாமல், அப்பெயரே நூலில் இல்லை என்று எண்ணி மூடிவிடக்கூடும்.

இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த எம். ஆர். எம். அப்துற் றஹீம் தம் பெயரை எழுதிய முறையும் நோக்கத்தக்கது. அரபில் 'அல்' என்னும் இடைச்சொல்லின் லகரம், பின்வரும் ரகரத்தோடு ஒன்றிவிடும். அதனை அவர் றகர ஒற்றாற் காட்டினார். கல்லும் கண்டும் சேர்ந்து கற்கண்டு ஆவதை அறிந்த தமிழ்ச் செவிக்கு அது அந்நியமாகாது. அவர் பெயரை எழுதுவோர் அவ்வொற்றை மாற்றுவது முறையாகாது.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலும் கிரந்த எழுத்துப் பற்றிய விவாதம் தொடர்ந்தது. எனினும் அங்கே ஒரு வடிவைத் தலைப்பாக்கி, ஏனைய வடிவங்களை வழிமாற்றாக வைத்தல் எளிதாயிற்று. அச்சு நூல்களில் 'காண்க' என்னும் ஒரு சொல் செய்துவந்த பணியே அது.

இதனால் ஒரு முறைமை புலப்படுகின்றது. பெயருக்கு உரியவர் எழுதும் வடிவம் தலைப்பில் நிற்க வேண்டும். பிற வடிவங்களில் தேடுவோரும் அங்கே வந்துசேர வழி இருத்தல் வேண்டும். சின்னத்தின் அலங்காரம் மட்டுமே மரபுக்கு விட்டுக்கொடுக்கலாம். கன்முனை என்று தேடும் இலக்கண ஆசிரியரும் கல்முனையைக் கண்டடைவாராயின், களஞ்சியம் தன் கடமையைச் செய்ததாகும்.