கண்டுபிடித்தவர் யார்?

ஐரோப்பிய மாலுமிகள் கீழ்த்திசை நாடுகளைக் கண்டுபிடித்தனர் என்று பள்ளியில் நமக்குக் கற்பிக்கப்பட்டது. மக்கள் வாழ்ந்து, கப்பல் விட்டு, வாணிகம் நடத்தி வந்த நாடுகளை இன்னொருவர் கண்டுபிடிப்பதாவது யாது? 1498-இல் கள்ளிக்கோட்டை சேர்ந்த வாஸ்கோ ட காமா நாடியவை மிளகும் மதத் துணையுமே. 1511-இல் அல்புகர்க் பீரங்கி கொண்டு மலாக்காவைப் பிடித்தது, நறுமணப் பண்ட வாணிகத்தை முஸ்லிம் வணிகரிடமிருந்து பறிப்பதற்கே. அந்நகரில் வாணிகஞ் செய்த நம்மவரான நைனா சட்டு அவருக்குத் துணைநின்று, பெண்டகாரா என்னும் உயர்பதவி பெற்றார்.

நாம் வாழும் கெடாவின் கதையும் வேறன்று. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடி நாட்டினார். சயாமுக்கெதிராகப் படைத்துணை கிட்டுமென்று நம்பியே கெடா சுல்தான் அத்தீவை விட்டார். 1821-இல் சயாம் படை கெடாவுட் புகுந்தபோது கம்பெனி வாளாவிருந்தது.

இவற்றையெல்லாம் கொள்ளை என்றும் வஞ்சகம் என்றும் சொல்கிறோம், அது சரியே. ஆனால் ஏறத்தாழ 1025-இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின்மீது கப்பற்படை விடுத்து, அதன் அரசனைப் பிடித்து, பெருநிதியைக் கவர்ந்ததாக அவனது மெய்க்கீர்த்தியே கூறுகின்றது. அதனை மட்டும் வீரமென மேடைதோறும் முழங்குவது நேர்மையாகுமா? இம்மண்ணுக்குப் பால்மரம் சீவ வந்தோர் வழியினராகிய நமக்கு, இதனைச் சூறையாடினோன் புகழில் பங்கெதற்கு? அயலானுக்கோர் அளவுகோல், நம்மவனுக்கோர் அளவுகோல் என்றிருக்கும்வரை நாம் கற்பது சரித்திரமாகாது.