கிடங்கும் கோயில் வாசலும்

புகலிடத்தில் வெளிவரும் ஊர் மலர்கள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. காங்கேசன்துறைப் பக்கம் என்றால் கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி. கிடங்கு மட்டும் வருவதில்லை. சீமெந்துத் தொழிற்சாலைக்காக வெடிவைத்துச் சுண்ணாம்புக்கல் எடுத்த அந்தப் பள்ளத்தருகே வளர்ந்தவன் நான்.

மெல்லிய செம்மண்ணுக்குக் கீழேயே கல் கிடந்ததால்தான் 1950இல் தொழிற்சாலை அங்கு வந்தது. களிமண் முருங்கனிலிருந்து வந்தது. அப்போது கைத்தொழில் அமைச்சர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், மேடைகளில் அது அவரது சாதனையாகவே பேசப்பட்டது. கல்லின் மறுபக்கத்தைப் பேசியோர் குறைவு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் இந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் தங்கித்தான் நமது கிணறுகளுக்கு வருகிறது. கீரிமலை ஊற்றும் இதே கல்லிலிருந்துதான். கேணியைப் பாடுபவர்கள் கிடங்கையும் பார்த்திருக்க வேண்டும்.

என் தகப்பனார் அங்கே எழுதுவினைஞர். சம்பள நாளில் எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் நிற்பதைப் பெருமையாகச் சொல்வார். 1968இல் தாழ்த்தப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரி மாவிட்டபுரத்தில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, வாசலை மறித்தவர்களோடு நின்றவரும் அவரே. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. மறித்தவர்களின் முன்னணியில் நின்றவர் சி. சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்ட்டில் படித்த கணிதப் பேராசிரியர். கல்வி சாதியைக் கரைக்கும் என்று வகுப்பறையில் சொல்லிவந்த எனக்கு இது இன்றும் தொண்டையில் முள்.

1990 யூனில் வலிகாமம் வடக்கு பெயர்ந்தது. தொழிற்சாலையும் நின்றது. உயர் பாதுகாப்பு வலயம் சாதி கேட்டு எவரையும் வெளியேற்றவில்லை, உண்மைதான். ஆயினும் 2009இல் போர் முடிந்து பல வருடங்களின் பின்னும் மல்லாகத்து முகாம்களில் எஞ்சியிருந்தோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, காணியற்ற குடும்பங்கள். எங்களுக்கோ வெளிநாட்டில் ஆளிருந்தது.

ஊர் மலரொன்றுக்குக் கட்டுரை கேட்டார்கள். இரவு வேலையில் பெட்டி அடுக்கி, பகலில் எழுதி அனுப்பினேன். வாசல் பற்றிய பந்தியை நீக்கும்படி கேட்டார்கள், கேணி போதுமாம். கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அதுதான் இது.