கருகிய முக்கோணங்கள்

லூசெர்னுக்குப் போகிற எல்லாரையும் போல நாங்களும் முதலில் காப்பெல் பாலத்துக்குத்தான் போனோம். ஏரியிலிருந்து ரொய்ஸ் ஆறு புறப்படும் இடத்தில், 14ஆம் நூற்றாண்டில் நகரத்தின் காவலுக்காகக் கட்டிய மரப்பாலம். கூரைக்கடியில் முக்கோணப் பலகைகள். அவற்றில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். பாதி தூரத்தில் மனைவி நின்றுவிட்டாள்.

“இங்க ஏன் படமே இல்ல? கரி மாதிரி இருக்கு?”

1993 ஆகஸ்ட் 18, நள்ளிரவு தாண்டிய நேரம், பாலம் தீப்பிடித்தது. இரு முனைகளும் தண்ணீர்க்கோபுரமும் தப்பின. ஓவியங்களில் பெரும்பகுதி போய்விட்டது. எட்டே மாதத்தில், 1994 ஏப்ரலில், பாலத்தைத் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள்.

பொறியாளனான எனக்கு அதில் பெரிய ஆச்சரியமில்லை. மரப்பாலம் என்றாலே உளுத்த உத்திரத்தை மாற்றி மாற்றித்தான் வாழும். 19ஆம் நூற்றாண்டில் கரையை நிரப்பியபோது இதன் நீளத்தையே குறைத்திருக்கிறார்கள். ஓவியத்துக்கு அந்த வசதி இல்லை. வரைந்த கை திரும்பி வராது.

“புதுசா வரைஞ்சு மாட்டியிருக்கலாமே?”

எல்லா இடத்திலும் மாட்டியிருந்தால், நடுப்பகுதிக்கு என் வயதுதான் என்று தெரியாமலே படமெடுத்துக்கொண்டு போயிருப்பேன். பழைய பாலம் என்று மற்றதெல்லாம் சொல்கிறது. எவ்வளவு பழையது என்பதை அந்தக் கரிதான் சொல்கிறது.