பேரேட்டின் பக்கம் எவ்வளவு பெரிது?



ஊவாத் தோட்டங்களிலே வாழ்ந்து முதிர்ந்தவர்களைக் கேட்டால், 'பேர்' என்னும் சொல்லுக்கு அகராதியிற் காணாத ஒரு பொருளைச் சொல்வார்கள். ஒரு நாள் வேலை செக்ரோலிலே பதியப்பட்டால் அது ஒரு பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். காலையிற் பெரட்டுக் களத்தில் நின்றவளுக்கு, மாலையில் அந்தப் புத்தகத்தில் தன் பெயருக்கு நேரே என்ன எழுதப்பட்டது என்று பார்க்கும் வாய்ப்பு நெடுங்காலம் கிட்டவில்லை. கணக்கப்பிள்ளை எழுதினார், துரை ஒப்பமிட்டார், சம்பள நாளிலே தொகை தெரிந்தது.

இதனினும் கொடியது துண்டு முறை. கங்காணியும் அவர் கீழுள்ள ஆட்களும் தோட்டத்துக்குப் பட்ட கடன் இவ்வளவு, அத்தொகையைச் செலுத்துவோரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கே துண்டு என்று பெயர். அடுத்த தோட்டத்தார் பணத்தைக் கட்டினால், ஆட்களும் அவர்களோடு அந்தக் கடனும் அங்கே போய்ச் சேரும். 1921ஆம் ஆண்டிற் சட்டம் இதனை ஒழித்தது. பதுளைக்குப் புகையிரதம் வந்ததோ அதற்கும் மூன்று ஆண்டு கழித்து, 1924இலே.

இப்பழங்கதையை நினைப்பூட்டியவள் எம் பாடசாலை உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுடைய தமையன் வளைகுடா நாடொன்றிலே தொழில் புரிகின்றான். "சேர், எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறதாமே, அதன் பக்கம் எவ்வளவு பெரிதாய் இருக்க வேண்டும் என்று ஏன் இரண்டு பட்டார்கள்?" என்று அவள் கேட்டாள். அவள் கேட்டது பிட்கொயின் என்னும் கணினிப் பணத்தைப் பற்றி. எனக்கோ கலைப் பட்டமேயன்றிக் கணினிப் பட்டம் இல்லை. ஆயினும் கேள்வி வரலாற்றுக் கேள்வி. ஆகவே தேடிப் படித்தேன்.

சட்டோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருடைய ஒருவர், 2008 ஒக்ரோபர் 31ஆம் நாள் இப்பணத்தின் திட்டத்தை வெளியிட்டார். 2009 ஜனவரி 3ஆம் நாள் முதற்பக்கம் எழுதப்பட்டது. வங்கியிலே பேரேடு ஒன்று. அது வங்கியின் கையில். இங்கோ, விரும்பும் எவரும் தம் கணினியிலே பேரேடு முழுவதையும் வைத்து, ஒவ்வொரு வரியையும் தாமே சரிபார்க்கலாம். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை புதிய பக்கம் ஒன்று சேரும். அப்பக்கத்தையே 'பிளொக்' என்பர். பெருங் கணினிகளை ஓயாது ஓட்டிப் போட்டியிட்டு அதனை எழுதுவோர், கட்டணமும் புதுப் பணமும் கூலியாகப் பெறுவர்.

2010இலே சட்டோஷி ஒரு வரம்பு விதித்தார்: ஒரு பக்கம் ஒரு மெகாபைற்றுக்கு மேற்படலாகாது. குப்பைக் கணக்குகளைக் கொட்டிப் பேரேட்டை நிரப்பிவிடாமற் காக்கும் வேலியாகவே பலர் அதனைக் கருதினர். தேவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தை அவரே அவ்வாண்டிற் கூறியுமிருந்தார். 2011இலே அவர் விலகிக்கொண்டார். வேலி நின்றது, அதனைப் பிடுங்க அதிகாரம் உடையவர் ஒருவருமில்லை.

ஒரு மெகாபைற்றுப் பக்கத்திலே, ஒரு வினாடிக்கு ஏழு கொடுக்கல் வாங்கலுக்கு மேல் அடங்காது. கூட்டம் பெருகியபோது, கூடிய கட்டணம் தருபவரின் கணக்கே முதலில் ஏறிற்று. பண்டிகைக் காலத்திலே பதுளை பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பக்கத்தைப் பெரிதாக்குக என்று கிளம்பியோருள் முதன்மையானவர் கவின் அன்ட்ரெசன்; சட்டோஷியிடமிருந்து பொறுப்பை ஏற்றவர். அவரும் மைக் ஹேர்னும் 2015இலே முன்வைத்த திட்டம், வரம்பை எட்டு மெகாபைற்றாக்கி, இரண்டாண்டுக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கிச் செல்வது. ஏழையும் சிறு கட்டணத்திலே பயன்படுத்த இயலாத பணம் என்ன பணம் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வணிகர்களும், பேரேடு எழுதுவோரிற் பலரும் இவர்களோடு நின்றனர்.

மறுதரப்பாருக்கும் நியாயம் இருந்தது. அதனைக் கரும்பலகையிலே கணக்காகவே போட்டுக் காட்டினேன். நாளொன்றுக்குப் பக்கம் 144. பக்கம் ஒரு மெகாபைற்றாயின் ஆண்டுக்குச் சேர்வது ஏறத்தாழ 52 கிகாபைற், எட்டாயின் 420. இரட்டித்து இரட்டித்துச் சென்றாலோ, வீட்டுக் கணினியில் எவரும் பேரேட்டை வைத்திருக்க முடியாது. பெருங் கம்பனிகள் சிலவே வைத்திருக்கும். அப்பொழுது மற்றவர்கள் அக்கம்பனிகள் சொல்லும் தொகையை நம்ப வேண்டியதுதான். "அப்படியானால் அது செக்ரோல்தானே, சேர்?" என்றாள் அம்மாணவி. நான் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

2015இலே மொன்றியலிலும் ஹொங்கொங்கிலும் மாநாடுகள் கூடின. ஹொங்கொங் மாநாட்டிலே பீற்றர் வுய்ல என்பவர் நடுவழி ஒன்றைக் காட்டினார். கையொப்பங்களை வேறு பகுதியாகப் பிரித்து, அவற்றின் அளவைக் குறைத்துக் கணக்கிட்டால், பழைய விதி முறியாமலே பக்கத்தில் இடம் கூடும். செக்விற் என்று அதற்குப் பெயர். ஆனால் மனக்கசப்பு முற்றிவிட்டது. 2016 ஜனவரியில், முயற்சி தோற்றது என்று எழுதிவிட்டு ஹேர்ன் வெளியேறினார். அடுத்த மாதம் ஹொங்கொங்கிலே செய்த உடன்பாடு நிலைக்கவில்லை. 2017 மே மாதம் நியூ யோர்க்கிலே ஐம்பதுக்கு மேற்பட்ட கம்பனிகள் கூடி, செக்விற்றும் வேண்டும், இரண்டு மெகாபைற்றும் வேண்டும் என ஒப்பமிட்டன. பேரேடு எழுதும் வலுவில் எண்பது வீதத்துக்கு மேல் அவர்கள் பக்கம் இருந்தது.

இவ்விடத்திலேதான் வரலாற்று மாணவன் நின்று பார்க்க வேண்டும். வலு அத்தனையும் ஒரு புறம் இருக்க, வீட்டிலே பேரேடு வைத்துச் சரிபார்ப்போர் ஒரு நாளைக் குறித்தனர். 2017 ஓகஸ்ட் 1ஆம் நாளுக்குப் பின், செக்விற்றை ஏற்காத பக்கங்களைத் தம் கணினிகள் ஏற்கமாட்டா என்றனர். எழுதுவோர் எழுதலாம், எவரும் ஏற்காத பக்கத்துக்குக் கூலி ஏது? அந்நாள் வருமுன்பே எழுதுவோர் இணங்கிவிட்டனர். ஓகஸ்ட் 24ஆம் நாள் செக்விற் நடைமுறைக்கு வந்தது. இரண்டு மெகாபைற்றுத் திட்டத்தை அதனை நடத்தியவர்களே நவம்பர் 8ஆம் நாள் கைவிட்டனர். இந்த வெற்றியிலே கணினிகளை வைத்திருந்தோரின் உறுதி எவ்வளவு, சந்தை விலையின் அச்சம் எவ்வளவு என்று இன்றும் வாதிடுவர். இரண்டும் இருந்தன என்றே நான் கருதுகின்றேன்.

பெரும்பக்கக் கட்சியார், குறித்த அதே ஓகஸ்ட் 1ஆம் நாளிலே பிரிந்து, எட்டு மெகாபைற்றுப் பக்கத்தோடு பிட்கொயின் காஷ் என்னும் தனிப் பேரேட்டைத் தொடங்கினர். அதுவும் 2018 நவம்பரிலே உட்பூசலால் இரண்டாகப் பிளந்தது. அங்கும் பூசற் பொருள்களுள் ஒன்று பக்க அளவே.

வென்றவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2017 டிசம்பர்க் கடைசியிலே, ஒரு கொடுக்கல் வாங்கலுக்கான சராசரிக் கட்டணம் ஐம்பது டொலரைக் கடந்தது. லயத்திலிருக்கும் தாய்க்கு நூறு டொலர் அனுப்ப நினைக்கும் மகனுக்கு அப்பேரேடு அன்று மூடிய கதவே. கட்டணம் பின்னர் இறங்கிற்று. சிறு தொகைகளைப் பேரேட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்ளும் வழிகளும் பிறந்தன. இப்பணத்தை நம் நாட்டிலே சட்டப்படியான நாணயமாக ஏற்கவில்லை என்று மத்திய வங்கி 2021இலும் 2022இலும் எச்சரித்திருப்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தேன்.

மறுவாரம் அம்மாணவி, தன் பாட்டியாரின் பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். மாதத்திலே பேர் எத்தனை, கழிவு எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று அதில் எழுதியிருந்தது. கூட்டிப் பார்த்தோம். கழிவுகளுள் ஒன்று எதற்கு என்று அதிற் குறிக்கப்படவில்லை.